டாக்டரம்மா ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார்? மருத்துவப் படிப்பும் நம் ஆரம்ப சுகாதார நிலையமும்



செம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு ஆஸ்பத்திரி பேச்சு வராமல் இருப்பதில்லை. பல குழுக்களில் பல விதமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: "ஏன் மேடம், நல்லா பார்க்கிற டாக்டரம்மா வராங்க. நம்ம உடம்பு அவங்களுக்குப் புரியறதுக்குள்ள மேல படிக்கப் போறேன்னு கிளம்பிடறாங்க. மறுபடியும் புதுசா ஒருத்தர்கிட்ட முதல்ல இருந்து சொல்லணும். இது எப்போதான் மாறும்?"

நல்ல கேள்வி. டாக்டர் போய்விட்டால் "அவருக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இது ஒரு டாக்டரின் குணத்தைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. யாரை டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம், எந்த இடத்தில் வைத்துப் படிக்க வைக்கிறோம், படித்தபின் எந்த வேலைக்கு மரியாதை கொடுக்கிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. அதாவது, மருத்துவக் கல்லூரியில் நடப்பது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. சீட்டு வரைக்கும் வந்து சேர்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரே டாக்டர் நமக்கு ஏன் வேண்டும்?

முன்பெல்லாம் காய்ச்சல், பேதி, பிரசவம் என்றால்தான் ஆஸ்பத்திரி. இப்போது நம் குழுக்களிலேயே எண்ணிப் பாருங்கள். சுகருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்? பிரஷருக்கு எத்தனை பேர்? இவை ஒரு ஊசியோடு முடிகிற நோய்கள் அல்ல. வருடக் கணக்கில் கூடவே வருபவை. மாத்திரை அளவைக் கூட்டுவதா குறைப்பதா, கால் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒருவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். பெருமையான விஷயம். ஆனால் அந்தத் தன்னார்வலர் ஒரு பாட்டிக்கு பிரஷர் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் அடுத்து யாரிடம் அனுப்புவார்? ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம். அங்கே டாக்டர் இல்லை, அல்லது தினம் ஒரு டாக்டர் என்றால் நம் சகோதரி வெயிலில் நடந்து செய்த வேலை பாதியில் நின்றுவிடும்.

சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், நகரத்தில் 50,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. அந்த நிலையத்தில் குழந்தையின் காய்ச்சல், தாயின் ரத்தசோகை, தாத்தாவின் இருமல், நாய்க்கடி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர்தான். அங்கே இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று இல்லை. அவர் சாதாரண தலைவலி எது, ஆபத்தான தலைவலி எது என்று பிரித்தறிய வேண்டும். இது சின்ன வேலை இல்லை.

படிப்பது ஓரிடம், வேலை செய்வது ஓரிடம்

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருடம். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. மாணவர்கள் அதிக நேரம் இருப்பது பெரியாஸ்பத்திரியில். அங்கே வருபவர்கள் நோய் முற்றியவர்கள். ஸ்கேன் இருக்கும், லேப் இருக்கும், பக்கத்து அறையில் நிபுணர் இருப்பார். பாடம் நடத்தும் பேராசிரியர்களும் ஒவ்வொரு பிரிவில் நிபுணர்கள். ஐந்து வருடம் இதையே பார்க்கும் பிள்ளைக்கு, "பெரிய டாக்டர் என்றால் நிபுணர்தான்" என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது.

பிறகு அந்தப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வைக்கிறோம். ஸ்கேன் இல்லை, கேட்க ஆள் இல்லை, வாசலில் நூறு பேர் வரிசை. நீச்சலைக் குளத்தில் கற்றுக்கொடுத்துவிட்டு கடலில் இறக்கிவிட்ட மாதிரி. பயம் வரும், சலிப்பு வரும். "சீக்கிரம் மேல்படிப்பு கிடைத்தால் போதும்" என்று தோன்றும்.

ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் சமுதாய மருத்துவத்துக்கு ஒதுக்கியிருப்பது 12 வாரம். ஊர்ப்பக்கம் வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இது. ஆனால் அதே வருடத்தில்தான் மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறார்கள். மனசு எங்கே இருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

இது புதிய கவலை இல்லை

சுதந்திரத்துக்கு முன்பே இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் அறிக்கை 1946இல் வந்தது. நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாட்டுக்கு அந்த அறிக்கைதான் அடிப்படை. நோய் வந்தபின் மருந்து கொடுப்பவராக மட்டும் டாக்டர் இருக்கக்கூடாது, நோய் வராமல் தடுப்பவராக, சமுதாயத்தைப் புரிந்தவராக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. எல்லா மருத்துவக் கல்லூரியிலும் நோய்த் தடுப்பு, சமூக மருத்துவத்துக்கு தனித் துறை வேண்டும் என்றும் சொன்னது.

அதே அறிக்கை இன்னொரு முடிவும் எடுத்தது. அந்தக் காலத்தில் எல்.எம்.பி. என்று ஒரு குறுகிய காலப் படிப்பு இருந்தது. வயதான பெரியவர்களைக் கேட்டால் "எங்க ஊர்ல எல்.எம்.பி. டாக்டர் இருந்தாரு" என்று சொல்வார்கள். சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்த பலர் அவர்கள்தான். நாடு முழுவதும் ஒரே தரத்தில் டாக்டர்கள் வேண்டும் என்று அந்தப் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். குழுவிலேயே சிலர் இதை ஏற்கவில்லை. தரம் வேண்டும் என்பது நியாயம்தான். ஏழைக்கு அரைகுறைப் படிப்பு டாக்டர், பணக்காரருக்கு முழுப் படிப்பு டாக்டர் என்பதை நாமும் ஏற்க முடியாது. ஆனால் முழுப் படிப்பு படித்தவர் ஊர்ப்பக்கம் வருவதற்கான வழியை அதே வேகத்தில் செய்யவில்லை.

1975இல் ஸ்ரீவஸ்தவா குழு மறுபடியும் இதையே சொன்னது. 1977இல் ஒரு திட்டம் வந்தது. மருத்துவக் கல்லூரிகள் தங்கள் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பேற்று, மாணவர்களை அங்கே அழைத்துப்போய் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றது. வண்டியும் கொடுத்தார்கள். ஆனால் பேராசிரியர்களின் மனசு பெரியாஸ்பத்திரியிலேயே இருந்ததால் திட்டம் நாளடைவில் தேய்ந்துபோனது. ஆக, அறிக்கைக்குப் பஞ்சமில்லை. நடத்திக் காட்டுவதில்தான் குறை.

வேலூர் காட்டிய வழி

நம் தமிழ்நாட்டிலேயே நடத்திக் காட்டிய இடம் ஒன்று உண்டு. ஐடா ஸ்கடர் என்ற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண். 1890களில் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவிக்குப் பிரசவ வேதனை, வந்து பாருங்கள் என்று கெஞ்சினார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான தன் அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுக்குப் பிறகு அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900இல் திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதலில் கற்றுக்கொடுத்தது அந்த எல்.எம்.பி. படிப்பைத்தான். அதுதான் பிறகு சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆனது.

சி.எம்.சி.யில் முதல் வருட மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கற்கிறார்கள். உடம்பைப் பற்றிப் படிக்கும்போதே ஊரைப் பற்றியும் படிக்கிறார்கள். படிப்பு முடித்ததும், தங்களைப் பரிந்துரைத்த மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. பல மிஷன் மருத்துவமனைகள் சின்ன ஊர்களில் இருப்பவை. 1977இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் கிராம நலத்துக்கென்றே தனிப் பிரிவும் தொடங்கினார்கள். மாணவரின் கண் முன்னால் ஊர் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

அரசு காட்டிய வழி: மேல்படிப்பில் பாதி இடம்

தமிழ்நாடு அரசும் ஒரு நல்ல வழி வைத்திருந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாநிலத்துக்கு வரும் மேல்படிப்பு இடங்களில் பாதி, அதாவது 50 சதவீதம், அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில காலம் வேலை செய்தவருக்கு மேலே படிக்க வாய்ப்பு. படித்து முடித்து அரசு வேலைக்கே திரும்ப வேண்டும். தாலுகா ஜி.எச்.சில் சிசேரியன் செய்யும் மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தைகள் டாக்டர் பலர் இப்படி வந்தவர்கள்தான். இளம் டாக்டர்கள் கிராமத்து வேலைக்கு விரும்பி வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2017இல் இதற்குத் தடை வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் விதிப்படி தனி ஒதுக்கீடு கூடாது, கடினமான பகுதியில் வேலை செய்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம் என்று ஆனது. அரசு டாக்டர்கள் போராட்டம் நடத்தினார்கள். தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு தனி இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிப் படித்தவர்கள் கிராம, பழங்குடி, மலைப் பகுதிகளில் குறைந்தது ஐந்து வருடம் வேலை செய்ய மாநிலங்கள் உறுதிப்பத்திரம் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. அதே 2020 நவம்பரில் அதற்கும் மேலான சிறப்பு மேல்படிப்பிலும் 50 சதவீதம் தர தமிழ்நாடு ஆணை போட்டது.

இது நமக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த ஒதுக்கீடு டாக்டரை ஊருக்கு வரவைக்கிறது, அதே ஒதுக்கீடுதான் அவரைக் கிளப்பியும் விடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த பஸ் வரும்வரை இருக்கிறார், வந்ததும் ஏறிப் போகிறார். டாக்டரம்மா ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார் என்ற கேள்விக்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. அதற்காக ஒதுக்கீட்டை எடுத்தால் வருகிறவரும் வரமாட்டார். அது தீர்வு இல்லை. வந்தவர் தங்குவதற்கும் வழி செய்ய வேண்டும்.

தங்க வைப்பது எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2010இல் பல நாடுகளின் அனுபவத்தைத் திரட்டி வழிகாட்டுதல் கொடுத்தது. தாய்லாந்து நாடு 1990களிலேயே கிராமப்புறப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பகுதி மருத்துவமனைகளிலேயே பயிற்சி கொடுத்து, அங்கேயே வேலையும் கொடுக்கத் தொடங்கியது. இவற்றையும் நம் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு விஷயங்கள் தெரிகின்றன.

1. யாரைச் சேர்ப்பது? ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளை டாக்டரானால் ஊர்ப்பக்கம் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் அரசுப் பள்ளியிலிருந்து போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒதுக்கீடு வந்த முதல் வருடமே 300க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. கூலி வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டார்கள்.

2. எங்கே கற்றுக்கொடுப்பது? 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறந்தார்கள். ராமநாதபுரம், அரியலூர், நீலகிரி, கள்ளக்குறிச்சி போன்ற இடங்களில். சென்னையைத் தாண்டிக் கல்லூரி வருவது நல்லது. நம் மாவட்டத்துச் செங்கல்பட்டு கல்லூரி 1965இலேயே வந்தது. ஆனால் கட்டடம் சின்ன ஊரில் இருந்தால் மட்டும் போதாது. பாடமும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு வருடமும் கொஞ்ச நாளாவது மாணவர் அங்கே உட்கார வேண்டும்.

3. யார் கற்றுக்கொடுப்பது? இருபது வருடம் ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியருக்கும் தெரிந்தது புத்தகத்தில் இல்லை. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் போதாது, ஏன் சாப்பிடாமல் பரணில் போட்டு வைக்கிறாள் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். அவர்களும் ஆசிரியர்களாக வேண்டும்.

4. படித்தபின் என்ன மரியாதை? குடும்ப மருத்துவம் என்று ஒரு மேல்படிப்பு உண்டு. குழந்தை முதல் முதியவர் வரை, உடம்பு முதல் மனசு வரை ஒரே டாக்டர் பார்ப்பதற்கான படிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு வேறு எது? ஆனால் இதற்கு இடங்கள் மிகக் குறைவு. இந்த இடங்களைக் கூட்டி, படித்தவருக்குச் சம்பளமும் பதவி உயர்வும் மற்ற நிபுணர்களுக்குச் சமமாகக் கொடுத்தால், ஊரை விட்டுப் போகாமலேயே ஒருவர் பெரிய டாக்டர் ஆகலாம். இத்தனை குழுக்கள் சொல்லியும் இன்னும் முழுசாக நடக்காத வேலை இதுதான்.

உங்கள் வீட்டுக்கு மாணவர் வந்தால்...

இப்போது ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் "குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்" கொண்டுவந்தது. ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் மூன்று முதல் ஐந்து குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, படிக்கும் காலத்தில் அந்தக் குடும்பங்களுக்குப் போய்வர வேண்டும். பணம் கொடுக்க மாட்டார்கள், தத்து என்ற சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்தைத் தொடர்ந்து கவனித்து, அதிலிருந்து அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

1977 திட்டம் போல இதுவும் தேய்ந்துபோகாமல் இருப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. "சின்னப் பசங்க, இவங்களுக்கு என்ன தெரியும்" என்று வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். உட்கார வையுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழையில் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, மாத்திரை வாங்கப் போனால் எத்தனை மணி நேர வேலையும் கூலியும் போகிறது என்று சொல்லுங்கள். எந்தப் பேராசிரியரும் நடத்த முடியாத பாடம் அது. அதே சமயம், சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனை எதற்கு என்று கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாணவர் இன்னும் டாக்டர் ஆகவில்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் டாக்டர் சொல்லித்தான்.

நாம் செய்யக்கூடியவை

* சுகர், பிரஷர் நோட்டு, பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். டாக்டர் மாறினாலும் உங்கள் கதை மாறாது.

* சளி, காய்ச்சலுக்கு நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடாமல் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் விழுவது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு என்றால் தாமதம் வேண்டாம், 108. சந்தேகம் கேட்க 104.

* டாக்டர் பணியிடம் காலியாக இருந்தால் குழுவாக எழுதிக் கொடுங்கள். ஊராட்சிப் பகுதியில் கிராம சபை இருக்கிறது. செம்பாக்கம் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதால், அங்கே உள்ளவர்கள் பகுதி சபையிலும் வார்டு கவுன்சிலரிடமும் கேட்கலாம். வாய்ப் பேச்சு காற்றோடு போகும், மனு நகல் கையில் இருக்கும்.

* ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். நீட் தேர்விலும் தேற வேண்டும். இது தெரியாமல் பாதியில் பள்ளியை மாற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பெண் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் அவள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை டாக்டர்கள் மாறினார்கள்? நம் உறுப்பினர்களில் யாருக்காவது அதனால் மாத்திரை நின்றுபோனதா?

2. மருத்துவ மாணவர் நம் தெருவுக்கு வந்தால் அவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள் எவை?

3. நம் குழுவில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள்? அவர்களில் டாக்டராக ஆசைப்படுபவர் யார்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களும் சொன்னதைச் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம்.

– களப்பணி ஒருங்கிணைப்பாளர், செம்பாக்கம்